மூன்றாவது ஆள் கூலி

ஜேசனைப் போலீஸ் கூட்டிப் போய்ப் பதினாறு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த ஐந்து மணிக்கு வண்டி கிளம்பும். அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம்.

மெர்வின் இந்தக் கணக்கை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். சந்திரிகாவிடம் வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடங்களில் அவன் கற்றுக்கொண்ட ஒரே ஒழுங்கு அது. தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் நிலையம் இருந்தது. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. அவ்வப்போது காணாமல் போன நாய். எலும்பு முறிந்த வழக்கு இதுதான் முதல்.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஜேசனின் மனைவி பிளஸ்ஸி உட்கார்ந்திருந்தாள். நேற்று ஆராதனைக்குக் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை.

"அவர் கத்துவார் மேடம். அவ்வளவுதான். ஸ்கூல்ல பசங்க மேலகூடக் கை வச்சதில்ல."

"என்ன கத்தினார்?" என்றாள் சந்திரிகா. அவள் குரல் எப்போதும் பக்கத்து நாற்காலியைத் தாண்டாது.

பிளஸ்ஸி போனை நீட்டினாள். திரையில் ஒரு பில்லின் படம். பிளம்பர் டெனிஸின் கையெழுத்து, முத்து முத்தாக.

"பாத்ரூம் சுவத்துல ஈரம் ஏறுதுன்னு டெனிஸைக் கூப்பிட்டோம். அவரும் உதயான்னு ஒருத்தரும் வந்தாங்க. டைல்ஸ் நாலை எடுத்து, ஒரு எல்போ மாத்தினாங்க. அரை நாள் வேலை. ஆறு, ஏழாயிரம் வரும்னு நினைச்சோம். சனிக்கிழமை வாட்ஸ்அப்ல இது வந்துச்சு."

மெர்வின் படித்தான். நாலு இன்ச் பி.வி.சி. பைப், பதினோரு லெங்த். எல்போ ஆறு. ஒட்டுற சொல்யூஷன் இரண்டு டப்பா. ஆள் கூலி, மூன்று பேர், ஒரு நாள். மொத்தம் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு.

"ஒரு லெங்த் இருபது அடி," என்றான். "பதினொண்ணுன்னா இருநூத்து இருபது அடி. உங்க பாத்ரூம்ல இருந்து கேம்ப் ரோடு வரைக்கும் பைப் போட்டிருக்கார்."

பிளஸ்ஸி சிரிக்கவில்லை. "அவர் கணக்கு வாத்தியார். வரி வரியாப் பார்ப்பார். பில்லை எங்க காலனி குரூப்ல போட்டு, இது நியாயமான்னு கேட்டார். நேத்து சர்ச் விட்டு வரப்போ டீக்கடை வாசல்ல டெனிஸைப் பார்த்ததும் பிடிச்சுக்கிட்டார். 'என் வீட்டுக்கு வந்தது ரெண்டு பேர், மூணாவது ஆள் யாரு? இதுல உனக்கு லாபம் எவ்வளவு?'ன்னு கத்தினார். 'இப்படி எழுதின கையை ஒடைக்கணும்'னார். நாப்பது பேர் கேட்டாங்க."

"டெனிஸ் என்ன சொன்னார்?"

"அதுதான் மேடம் புரியல. பணமே வேணாம், பில்லைக் கிழிச்சுப் போடுங்கன்னார். கையெடுத்துக் கும்பிட்டார்."

மெர்வின் சந்திரிகாவைப் பார்த்தான். "பில் போட்டுட்டுப் பணம் வேணாம்னு சொன்ன பிளம்பர். மியூசியத்துல வைக்கணும்க்கா."

"எய்டட் ஸ்கூல் மேடம். ரெண்டு நாள் உள்ள இருந்தாலே சஸ்பென்ஷன்," என்றாள் பிளஸ்ஸி. "ரிமாண்ட் ஆயிட்டா வேலை போயிடும். அவருக்கு அதைத் தவிர வேற எதுவும் தெரியாது."

உள்ளே இன்ஸ்பெக்டர் மோகன்ராஜ் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார். சந்திரிகா மேல் அவருக்கு மரியாதை உண்டு. மெர்வின் மேல் இல்லை.

"நேத்து சாயங்காலம் ஆறரை," என்றார். "அனகாபுத்தூர்ல பாதி கட்டி நிக்கிற ஒரு வீடு. பைப் உடைஞ்சிடுச்சு, வாங்கன்னு டெனிஸுக்கு போன். உள்ள போனதும் பின்னாடியிருந்து தலையில சாக்கு. ஒருத்தன் அழுத்திப் பிடிச்சுக்கிட்டான். கையை ஒவ்வொண்ணா செங்கல் மேல வச்சு, இன்னொருத்தன் இரும்புப் பைப்பால அடிச்சிருக்கான். இடது கை முடிஞ்சதும் வலது கை. விரல் எலும்பு எத்தனை துண்டுன்னு டாக்டரால சொல்ல முடியல."

மெர்வின் தன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"போன் நம்பர்?" என்றாள் சந்திரிகா.

"ஒரு பழக்கடைக்காரம்மா போன். யாரோ அவசரம்னு வாங்கிப் பேசியிருக்கான். முகம் ஞாபகம் இல்லையாம். உங்க ஜேசன் ஆறரைக்கு எங்க இருந்தார் தெரியுமா? கோபம் தணியறதுக்கு வண்டியில தனியா சுத்தினாராம். சேலையூர் ஏரி வரைக்கும். ஏரி வந்து சாட்சி சொல்லுமா?"

"அடிச்சவன் ஏதாவது பேசினானா?"

"ஒரே வார்த்தை. 'லாபம்'. அதைச் சொல்லிட்டுத்தான் அடிச்சானாம். காலையில ஜேசன் கத்தினது அதே வார்த்தை. கையை ஒடைக்கணும்னார், சாயங்காலம் கை ஒடைஞ்சிருக்கு. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

"மூணாவது ஆள் வேணும் சார்," என்றாள் சந்திரிகா.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் காட்டினார். "அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பும்."

ஆஸ்பத்திரியில் டெனிஸ் தலையணைகளுக்கு நடுவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கைகளும் முழங்கை வரை மாவுக்கட்டில். கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றை விரல் நுனி கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"ஜேசன் சாருக்காவ வந்துகிறீங்களா?" என்றான். "அவர்தான். வேற எவனும் இல்ல."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"சாக்கு போட்டுகிறான், மூஞ்சிய எங்க பாக்கறது? அவர் சொன்ன வார்த்தை காதுல வுழுந்துச்சி. அது போதும்."

பேசும்போதே மூக்கைச் சுளித்தான். மறுபடி சுளித்தான். மெர்வினுக்குச் சட்டென்று புரிந்தது. குனிந்து அவனுடைய மூக்கைச் சொறிந்துவிட்டான்.

"கொஞ்சம் லெப்ட்டு," என்றான் டெனிஸ். பிறகு, "தேங்க்ஸ் மச்சான். ஒரு மணி நேரமா உசுரு போவுது. நர்சம்மாகிட்ட கேக்க வெக்கமா கீது."

"ஃபீஸ் தனியா பில் போட்டு அனுப்பறேன்."

டெனிஸின் உதடு லேசாக அசைந்தது. அந்த நொடியைச் சந்திரிகா பிடித்துக்கொண்டாள்.

"உங்க பில்லுல ஆள் மூணுன்னு இருக்கு. ஜேசன் வீட்டுக்கு நீங்களும் உதயாவும்தானே போனீங்க?"

சிரிப்பு அணைந்தது.

"உதயா எங்க?"

"ஊருக்குப் பூட்டான்."

"மூணாவது ஆள்?"

டெனிஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "பேஜார் பண்ணாதீங்க மேடம். அந்தப் பில்லே வேணாம்னு சொல்லிட்டேன். துட்டும் வேணாம். என் கை போச்சு. இனிமே ஒரு டேப்பு திருப்ப முடியுமானு தெரியல. என்னை வுட்ருங்க."

சந்திரிகா எழுந்தாள். கதவு வரை போய் நின்றாள்.

"எத்தனை அடி அடிச்சான்?"

"எண்ணிக்கினே அடிச்சான்," என்றான் டெனிஸ் சுவரைப் பார்த்தபடி. "நிதானமா. ரெண்டு. மூணு. நாலு. மூட்டை எறக்கற மாதிரி ஒரு அடிக்கு ஒரு நம்பரு. பதினொண்ணு வரிக்கும்."

"ஒண்ணு?"

"ஒண்ணு சொல்லி நான் கேக்கல. மொத அடியிலயே காது அடைச்சிக்கிச்சி."

படி இறங்கும்போது மெர்வின் சொன்னான்: "நேத்து ஞாயித்துக்கிழமை இல்லையா அக்கா. ஒண்ணு லீவுல போயிருக்கும்."

சந்திரிகா நின்றுவிட்டாள். அவனைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இப்படி நின்றால் ஒன்று கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம், அல்லது வண்டிச் சாவியை எங்கேயோ விட்டுவிட்டாள்.

"பதினோரு பைப்," என்றாள். "பதினோரு அடி."

"ஆமா," என்றான் மெர்வின்.

"ஜேசன் கேட்டது மூணாவது ஆளை. அவர் அடிச்சிருந்தா பைப்பை எதுக்கு எண்ணணும்? அந்தப் பில் ஜேசனுடையது இல்லை மெர்வின். வேற யாருக்கோ போகவேண்டிய பில் அவருக்கு வந்திருக்கு. டெனிஸால 'ஆள் மாறிப் போச்சு சார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும். சொல்லலை. சொன்னா, யாருடையதுன்னு அடுத்த கேள்வி வரும்."

"அந்த யாருக்கு விஷயம் எப்படித் தெரிஞ்சுது?"

"ஜேசனே குரூப்ல போட்டாரே."

பிளஸ்ஸி அந்தக் குரூப்பின் பதில்களை ஏற்கெனவே அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே இருவரும் படித்தார்கள். அறுபத்திரண்டு பதில். பகல் கொள்ளை என்றார்கள். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஒருவர் சம்பந்தமில்லாமல் காலை வணக்கம் போட்டிருந்தார்.

ஒரே ஒரு பதில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'விலை சரியாத்தான் இருக்கு சார். இதை எல்லாம் குரூப்ல போடாதீங்க. உடனே டெலிட் பண்ணுங்க. நான் டெனிஸ்கிட்ட பேசிக்கிறேன்.' அனுப்பியவர் ஜே.கே. டிரேடர்ஸ் ஜெயகிருஷ்ணன், கீழ்க்கட்டளை.

"பைப்பு, சிமெண்ட் விக்கிறவர். காலனியில பாதிப் பேர் அவர்கிட்டதான் வாங்கறாங்க," என்றான் மெர்வின்.

"ஒரு பாத்ரூமுக்கு இருநூத்து இருபது அடி பைப் சரிதான்னு ஒரு பைப் கடைக்காரர் சொல்றார்."

"அவர் வீட்டு பாத்ரூம் பெரிசா இருக்கும்."

"போய்ப் பார்த்துடலாம்," என்றாள் சந்திரிகா.

மெர்வின் உள்ளங்கையைப் பார்த்தான். இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம்.

ஜே.கே. டிரேடர்ஸ் சாலையிலிருந்து பார்க்க அகலம் குறைவு. உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம் என்று பார்த்ததுமே தெரிந்தது. முன்னால் கடை, அதன் பின்னால் கிடங்கு, கடைசியில் தகரத் தடுப்பு.

எதிரே டீக்கடையில் சந்திரிகா உட்கார்ந்தாள். "போனை ரெக்கார்டிங் போட்டுச் சட்டைப் பையில வை. நாலு இன்ச் பைப் கேள். எத்தனைன்னு கேப்பார். பதினொண்ணுன்னு சொல். அவரே எடுத்துப் போடுவார். நீ வாயை மூடிட்டுக் கேட்டுக்கிட்டிரு. அது ஒண்ணுதான் கஷ்டம்."

"என்ன கேக்கணும்?"

"அவர் என்ன சொல்றாரோ அதை. பத்து நிமிஷம் தர்றேன்."

ஜெயகிருஷ்ணன் கல்லாவில் இருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். குரலில் அவசரமே இல்லை.

"இன்னா வேணும் தம்பி?"

"நாலு இன்ச் பைப் சார்."

"எத்தினி?"

"பதினொண்ணு."

அவர் கை கால்குலேட்டர் மேல் நின்றது. ஒரு மூச்சு அளவுதான். பிறகு மறுபடி நகர்ந்தது.

"எந்த ஏரியா நீ?"

"சேலையூர் சார். பாத்ரூம்ல சின்ன ரிப்பேர்."

"குடோன்ல கீது. வா, எடுத்துத் தரேன்."

கிடங்கைத் தாண்டித் தகரத் தடுப்புக்குப் பின்னால் போனதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கழிவுநீர் லாரிகள் இரண்டு நின்றன. தரையில் பெரிய இரும்பு மூடி. அதன் ஓரத்திலிருந்து புதிய நாலு இன்ச் பைப் ஒன்று மதிலை ஒட்டி ஓடி, மதிலுக்கு அப்பால் இருந்த கால்வாய்ப் பக்கம் இறங்கியது. லாரிகள் ஊரெல்லாம் உறிஞ்சி வருவதை இந்தத் தொட்டியில் கொட்டி, சத்தமில்லாமல் கால்வாயில் விடுகிறார்கள். பைப்பின் நீளத்தை மெர்வின் எண்ணத் தேவைப்படவில்லை.

அவன் கண் வேறொன்றில் நின்றது. மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கோவில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காக, சேர்த்து விடப்பட்டிருந்தது. இடது செருப்பின் வாரைச் செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மேலே சில நாள் தூசி.

"சார், இந்தச் செருப்பு..."

சாக்கு தலையில் விழுந்தது. சிமெண்ட் வாசனை. பின்னாலிருந்து இரண்டு கைகள் அவனைக் கட்டிப் பிடித்து மண்டியிட வைத்தன.

"பதினொண்ணுனு உனுக்கு எவன் சொன்னான்?" ஜெயகிருஷ்ணனின் குரல், அதே நிதானத்தில்.

"கம்ப்யூட்டர் ஜோசியம் சார்," என்றான் மெர்வின். பழக்க தோஷம்.

இரும்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் அடிக்கு முன்னால் வந்தது.

"லாபம்."

தொடையில் விழுந்தது. வலி உடனே வரவில்லை. முதலில் சூடு, பிறகு கால் என்ற ஒன்றே இல்லாத மாதிரி, அதற்குப் பிறகு வலி. மெர்வின் கத்தினானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ரெண்டு."

தோள்பட்டை. உள்ளே ஏதோ விறகு மாதிரி முறிந்தது.

"மூணு."

விலா. மூச்சு வெளியே போனது, திரும்பி வரவில்லை. வாயில் இரும்பின் ருசி. சாக்கின் இருட்டுக்குள் மெர்வின் அந்தக் குரலைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கோபம் இல்லாத குரல். கணக்குப் பார்க்கிற குரல். லாபம், ரெண்டு, மூணு. லாபம், ரெண்டு, மூணு. இவ்வளவு வலியிலும் அவன் மண்டைக்குள் ஒரு பல்பு எரிந்தது.

"நாலு."

அந்த அடி விழவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. ஈரமான கட்டையைத் தரையில் போட்டதுபோல. அதன்மேல் ஜெயகிருஷ்ணனின் அலறல்.

மெர்வினைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. சாக்கை உதறினான். கடையிலிருந்து எடுத்து வந்த பைப் ரெஞ்சோடு சந்திரிகா நின்றிருந்தாள். ஜெயகிருஷ்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அவருடைய வலது கை இரும்புப் பைப்பைத் தேடிப் போனது. சந்திரிகா குனிந்து அந்த மணிக்கட்டில் ஒன்று போட்டாள். இன்னொன்று போட்டாள். அவள் எண்ணவில்லை.

பிடித்திருந்த லோடுமேன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "அக்கா, நான் சம்பளத்துக்கு நிக்கறவன்க்கா."

"அப்போ அங்கேயே நில்லு," என்றாள் பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்கிற குரலில். அவன் நின்றான்.

மெர்வின் தரையில் சாய்ந்து, உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "அக்கா. ஒண்ணு கிடைச்சிடுச்சு."

"கேட்டேன்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"ஆஸ்பத்திரி படியில தெரிஞ்சுது. ரெண்டுல ஆரம்பிக்கிற எண்ணிக்கை எங்க அப்பாவுடையது. எங்க வீட்ல இட்லியைக்கூட 'லாபம், ரெண்டு'ன்னுதான் எண்ணுவார். நெல் அளந்த வீட்டுப் பழக்கம். முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க."

"அடி வாங்கறதுக்குத்தான் என்னை அனுப்பினீங்களா?"

சந்திரிகா அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். ரெஞ்சைக் கீழே வைத்தாள். "பைப்பை எண்ணுவார்னுதான் நினைச்சேன் மெர்வின். உன்னை எண்ணுவார்னு நினைக்கலை."

ரோந்து வண்டி வர ஒன்பது நிமிடம் ஆனது. அதில் இன்ஸ்பெக்டர் மோகன்ராஜும் வந்தார். தொட்டியைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். அந்தச் செருப்பை யாரும் தொட வேண்டாம் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார். பிறகு சந்திரிகாவைத் தனியே அழைத்தார்.

"மெர்வினை அடிச்சதுக்கு இந்த ஆள்மேல கேஸ் போட்டுடலாம். டெனிஸை அடிச்சது இவர்தான்னு எப்படிச் சொல்றது? டெனிஸ் வாய்ல ஜேசன் பேருதான் இருக்கு. அந்த வாயை மாத்தாம ஜேசனை நான் விட முடியாது."

"வாயை மாத்த முடியாது சார்," என்றாள் சந்திரிகா. "காதை மாத்தலாம். அஞ்சு மணிக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

ஆஸ்பத்திரி வார்டுக்குள் மெர்வின் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். இடது கையைச் சந்திரிகா தன் துப்பட்டாவில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவனைப் பார்த்து டெனிஸின் கண் விரிந்தது.

"இன்னா மச்சான் இது?"

"உங்க பில்லுல எனக்கும் கொஞ்சம் பங்கு."

சந்திரிகா மெர்வினின் போனைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து ஓடவிட்டாள். இரைச்சல். துணி உரசும் சத்தம். பிறகு அந்தக் குரல், சற்றுத் தூரத்திலிருந்து, அவசரமில்லாமல்.

லாபம். ரெண்டு. மூணு.

டெனிஸ் போனையே பார்த்தான்.

"இன்னொரு தபா போடுங்க."

மறுபடி ஓடியது. மாவுக்கட்டுக்குள் இருந்த கைகள் நடுங்க ஆரம்பித்தன. கட்டிலின் கம்பியில் பட்டு அவை டக்டக்கென்று சத்தம் போட்டன.

"அது திட்டு இல்ல டெனிஸ்," என்றாள் சந்திரிகா. "அதுதான் அவருக்கு ஒண்ணு. முதல் எண்ணிக்கை லாபம், அப்புறம் ரெண்டு. ஜேசன் கத்தினதும் இவர் எண்ணினதும் ஒரே வார்த்தை. அவ்வளவுதான். அந்தப் பில்லுல நீங்க எழுதின ஒரு பைப்புக்கு ஒரு அடி."

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"நான் வாயத் தொறக்கலியே மேடம்," என்றான் டெனிஸ். குரல் உடைந்திருந்தது. "அவருக்காவத்தானே தொறக்கல. தெருவுல வச்சி ஜேசன் சாரு அத்தினி பேருக்கு முன்னாடி கேட்டாரு. அப்பவும் அவர் பேரு சொல்லல. பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. சொல்லாத கையத்தான் ஒடைச்சாரா?"

"எழுதின கையை ஒடைச்சார்."

டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் காது வரை ஓடியது. துடைக்க அவனிடம் கை இல்லை. மெர்வின் தன் நல்ல கையால் துடைத்துவிட்டான்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் மெர்வின். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை. "தொட்டிக்குப் பக்கத்துல ஒரு செருப்பு கிடக்கு. இடது கால் வார்ல செப்புக் கம்பி கட்டியிருக்கு."

டெனிஸின் தாடை இறுகியது.

"நான்தான் கட்டிக் குட்தேன். ஒயர உரிச்சி."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். மணி நாலு நாற்பத்தைந்து. ஜேசன் நேற்றுத் தெருவில் நின்று கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"மூணாவது ஆள் யாரு?"

"சவுரிமுத்து. தாம்பரத்துல காலைல ஆளுங்க நிப்பாங்க இல்ல, அங்கதான் கூப்ட்டேன். எப்பவாச்சும் கூட வருவான். நல்ல வேலைக்காரன். வியாழக்கிழமை பைப்பு முழுக்கப் போட்டு முடிச்சோம். தொட்டிக்குள்ள ஜாயிண்ட்டு குடுக்கணும், எறங்குங்கனு ஜே.கே. சார் சொன்னாரு. சனிக்கிழமை ரெண்டு பில்லு எழுதினேன். போன்ல அவரும் ஜே சார், வாத்தியாரும் ஜே சார். மாறிப் பூட்ச்சி."

இன்ஸ்பெக்டர் வேகமாக எழுதினார். "வெளிய தெரியக் கூடாத வேலை. அதுல மூணு பேர்னு ஏன் எழுதின? ரெண்டுன்னு போட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே."

"ஜே.கே. சாரும் ரெண்டுனுதான் போடச் சொன்னாரு. மனசு வரல சார். வேலைக்கு எறங்கினவனுக்குக் கூலி போட்டுத்தான ஆவணும். வாங்கினு போயி அவன் பொண்டாட்டி கையில குடுக்கலாம்னு பாத்தேன்."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் மெதுவாக நிமிர்ந்தார்.

"அவன் கூலியை அவன்கிட்டயே குடுக்காம, அவன் பொண்டாட்டிகிட்ட ஏன் குடுக்கணும்?"

டெனிஸ் தன் முன்னால் கிடந்த இரண்டு வெள்ளைக் கட்டுகளையும் பார்த்தான். ஒன்றை, பிறகு இன்னொன்றை.

"மூணு பேர் எறங்கினோம் சார்," என்றான். "ரெண்டு பேர்தான் ஏறினோம்."